பெரிய எழுத்து வேதாகமம்: ஒரு கையால் புரட்டிய ஓராண்டு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையிலிருந்து பிரியும் ஒரு குறுக்குச் சாலையில், மாடிப்படி ஏறிப் போகவேண்டிய சிறிய கிறிஸ்தவப் புத்தகக் கடையில் சென்ற ஆண்டு ஜூன் மாதம் 95 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்து ஒரு பெரிய எழுத்துத் தமிழ் வேதாகமத்தை வாங்கினேன். ஓராண்டு முழுவதும் நாள் தவறாமல் புரட்டிய பிறகு அதைப் பற்றி எழுதுகிறேன். வேதாகமத்துக்கு மதிப்பீடு எழுதலாமா என்று என் மனைவி தயங்கினார். வசனத்தை மதிப்பிட எனக்குத் தகுதியில்லை என்பதை அறிவேன். ஆனால் தாளும் எழுத்தும் தையலும் அட்டையும் மனிதர் கைவேலை. அவற்றில் குறை இருந்தால் வயதானவர்கள் மெல்ல மெல்ல வாசிப்பதையே விட்டுவிடுகிறார்கள். என் அம்மா தம் கடைசி நான்கு ஆண்டுகளில் அப்படித்தான் விட்டுவிட்டார். இரண்டு முறை கண்ணாடி மாற்றிக் கொடுத்தோம். எழுத்து பெரிதாக உள்ள வேதாகமம் ஒன்றை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று பிள்ளைகள் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த வருத்தம் இன்னும் மனத்தில் இருப்பதால், வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்படி விரிவாகவே சொல்கிறேன். பதிப்பாளரின் பெயரை எழுதவில்லை. இதே அமைப்பில் வேறு பதிப்புகளும் கடைகளில் இருக்கின்றன. எதைக் கையில் எடுத்தாலும் எதைப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

நான் தொழிலால் வயர்மேன். த்ரீ ஃபேஸ் சான்றிதழ் பெற்று, செந்தூல், செத்தாப்பாக், ஜாலான் ஈப்போ வட்டாரத்துக் கடைவீடுகளில் 27 ஆண்டுகளாக வேலை செய்துவருகிறேன். இந்த மதிப்பீட்டுக்கும் அந்தத் தொழிலுக்கும் தொடர்பு உண்டு. சென்ற ஆண்டு மே மாதம் செந்தூலில் ஒரு கடைவீட்டு மாடியில் விளக்கு மாற்றப் போயிருந்தேன். அந்த வீட்டின் வயரிங் முழுவதும் 11 ஆண்டுகளுக்கு முன்பு நான் போட்டது. எந்தக் கம்பி எந்தச் சுவருக்குள் இறங்குகிறது, எந்த இடத்தில் ஜங்ஷன் பெட்டி ஒளிந்திருக்கிறது என்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன் என்ற பெருமை எனக்கு உண்டு. வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிபி பெட்டியைத் திறந்து, எனக்குத் தெரிந்த பிரேக்கரை இறக்கிவிட்டு, ஏணியில் ஏறினேன். கம்பியில் மின்சாரம் இருக்கிறதா என்று காட்டும் டெஸ்ட் பென் சட்டைப் பையிலேயே இருந்தது, அதை எடுக்கவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் வேறு யாரோ கூடுதலாக ஏர்கோன் பொருத்தியபோது அந்த விளக்கின் சர்க்கிட்டை வேறொரு பிரேக்கருக்கு மாற்றியிருக்கிறார்கள். கம்பியைத் தொட்ட கணத்தில் மின்சாரம் உதறித் தள்ளியது. ஐந்தாம் படியிலிருந்து விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. உயிர் பிழைத்தது கர்த்தருடைய கிருபை. ஆறு வாரம் மாவுக்கட்டு, அதன் பிறகு நான்கு மாதம் உடற்பயிற்சிச் சிகிச்சை.

வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்த முதல் வாரத்தில் என் பழைய வேதாகமத்தை எடுத்தேன். திருமணத்தின்போது கிடைத்தது, உள்ளங்கையில் அடங்கும் அளவு. எழுத்துகள் எறும்பு வரிசையாகத் தெரிந்தன. அதிலிருந்து நான் வாசித்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதே அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் திரையில் போடுவதைப் பார்த்து வாசிப்பேன், மற்ற நாள்களில் கைப்பேசியில் வரும் அன்றன்றைய வசனத்தோடு நிறுத்திக்கொள்வேன். வேலை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு மேல் எதுவும் தேவைப்படாததுபோல நாள்கள் போயின. மனைவிதான் என்னைப் பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்துப் போனார். கடைக்கார அம்மா என் கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது ரொம்ப கனமா இருக்கும். முதல்ல இடது கையில தூக்கிப் பாருங்க, அப்புறம் வாங்கலாம்" என்றார். மூன்று வேதாகமங்களை மேசையில் வரிசையாக விரித்து வைத்து, மூன்றிலும் ஒரே சங்கீதத்தை (பழைய ஏற்பாட்டின் பாடல்களில் ஒன்றை) திறந்து, என்னை வாசிக்கச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். விற்பவர்கள் இப்படிச் செய்வது அரிது. நான் தேர்ந்தெடுத்ததை அவருடைய தராசிலேயே நிறுத்தோம்: 1 கிலோ 900 கிராம்.

எழுத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை வாங்குவதற்கே அதுதான் காரணம். பழைய வேதாகமத்தின் எழுத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு உயரம். எழுத்தின் கோடுகள் தடித்திருப்பதால் மங்கிய கண்ணுக்கும் 'ன', 'ண', 'ள', 'ழ' ஆகியவை ஒன்றோடொன்று குழம்புவதில்லை. மேற்புள்ளி தெளிவாக நிற்கிறது. சிறிய எழுத்தில் புள்ளி மறைந்துபோனால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகி, பழைய நடையில் அமைந்த நீண்ட வாக்கியம் தடுமாறிவிடும். தமிழ் வேதாகமத்துக்கும் எழுத்தின் அளவுக்கும் உள்ள சிக்கல் இன்று நேற்று வந்ததன்று. 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்குவுக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வார்த்து அனுப்பப்பட்டன. அவை மிகப் பெரியவையாக இருந்தன. அந்த அளவில் அச்சிட்டால் கையிருந்த தாள் போதாது. எனவே தரங்கம்பாடிப் பக்கத்திலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டு, 1715-இல் புதிய ஏற்பாட்டை முழுமையாக அச்சிட்டு முடித்தார்கள். 300 ஆண்டுகளுக்குப் பிறகு நான் பெரிய எழுத்தைத் தேடி அலைகிறேன். அந்த மனிதர் தமிழ் கற்றுக்கொண்ட விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். திண்ணைப் பள்ளியில் சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக் கற்றார். இறையியல் படித்துவிட்டு வந்தவர் 'அ' எழுதும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம், எனக்குத் தெரியும் என்று ஏணியில் ஏறிய என் மேல் எனக்கு வருத்தம் வருகிறது. நம் பிரிக்பீல்ட்ஸில் 1924-இல் எழும்பிய சீயோன் லுத்தரன் ஆலயத்தில் தமிழில் ஆராதிக்கும் குடும்பங்களுக்கு அந்தத் தரங்கம்பாடி மரபு இன்னும் உறவுதான்.

இனி, குறை. இந்தப் பதிப்பு ஒரு பக்கத்தைச் செய்தித்தாளில் உள்ளதுபோல இரண்டு பத்திகளாகப் பிரிக்கிறது. சிறிய எழுத்துக்கு அது பொருத்தமாக இருக்கலாம். எழுத்து பெரிதாகும்போது ஒரு வரியில் இரண்டு சொல், மிஞ்சினால் மூன்று சொல்தான் அடங்குகிறது. தமிழ்ச் சொற்கள் ஒட்டி ஒட்டி நீள்பவை. வேதாகமத் தமிழில் இன்னும் நீளம். ஆகவே பக்கத்துக்குப் பத்து இடத்திலாவது சொல் முறிந்து அடுத்த வரிக்குப் போகிறது. 'செவ்வைப்படுத்துவார்' என்பது 'செவ்வைப்' என்று ஒரு வரியிலும் 'படுத்துவார்' என்று அடுத்த வரியிலும் கிடக்கிறது. ஆலயத்தில் எழுந்து நின்று உரக்க வாசிக்கிறவர்களுக்கு இது உண்மையான தொல்லை. ஒரே பத்தியாக அச்சிட்டிருந்தால் பக்கங்கள் சற்றுக் கூடியிருக்கும், ஆனால் வாசிப்பு ஓடியிருக்கும். இதை நான் கடையிலும் சொன்னேன். பதிப்பாளருக்கும் கடிதம் எழுதியிருக்கிறேன்.

ஆனால் அந்தக் குறையே எனக்கு ஒரு நன்மையைச் செய்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை முடியும்படி நீதிமொழிகளின் 31 அதிகாரங்களை நாளுக்கொன்றாக வாசிக்கத் தொடங்கிய மூன்றாம் நாள், சிறுவயதிலிருந்தே எனக்கு மனப்பாடமான வசனம் வந்தது. ஓய்வுநாள் பாடசாலையில் அதை ஒப்பித்து வண்ணப்படம் ஒன்று பரிசாக வாங்கியிருக்கிறேன். மனப்பாடமான வசனத்தில் கண் நிற்பதில்லை, வழுக்கிக்கொண்டு போய்விடும். இந்தப் பதிப்பில் வழுக்க முடியவில்லை. பத்தி குறுகலாக இருந்ததால் 'உன்' என்பதற்குப் பிறகு வரி முடிந்துவிட்டது. அடுத்த வரியில் 'சுயபுத்தியின்மேல்' என்ற ஒரே சொல் தனியாக நின்றது. அதற்கடுத்த வரியில் 'சாயாமல்'. நான் அங்கே நின்றுவிட்டேன். வலது கை மாவுக்கட்டில் மார்போடு தொங்குகிறது, எதிரே அந்தச் சொல் அவ்வளவு பெரிதாக நிற்கிறது.

ஹென்றி பவர் ஐயர் என்ற பாதிரியாரின் தலைமையில் 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்புதான் இந்தப் பதிப்பில் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் பாடம் செய்திருப்பதும் அதுதான். அதற்கு முன்பு யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் பாதிரியார் செய்த மொழிபெயர்ப்பில், சைவத்தில் ஊறிய ஆறுமுக நாவலரே துணைநின்று உழைத்தார் என்றால், இந்த நூலுக்காக எத்தனை பேருடைய தமிழ் செலவாகியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். நீதிமொழிகள் மூன்றாம் அதிகாரத்தின் ஐந்தாம் ஆறாம் வசனங்களை மொழிபெயர்ப்பாளர்கள் எண் பிரித்தாலும் ஒரே வாக்கியமாக ஓடவிட்டிருக்கிறார்கள்: "உன் சுயபுத்தியின்மேல் சாயாமல், உன் முழு இருதயத்தோடும் கர்த்தரில் நம்பிக்கையாயிருந்து, உன் வழிகளிலெல்லாம் அவரை நினைத்துக்கொள்." 'சாயாமல்' என்பது எச்சம், 'நம்பிக்கையாயிருந்து' என்பதும் எச்சம். நம்மை நோக்கி வரும் கட்டளைச் சொல் 'நினைத்துக்கொள்' என்பது ஒன்றுதான். ஐந்தாம் வசனத்தோடு நிறுத்திவிட்டால் வாக்கியம் முடியாமல் அந்தரத்தில் நிற்கும். சிறுவயதில் நான் பரிசு வாங்கியது ஐந்தாம் வசனத்துக்கு மட்டும். ஆறாவதை அடுத்த வாரத்துக்கு வைத்திருந்தார்கள். 'வழிகளிலெல்லாம்' என்பதில் உள்ள 'எல்லாம்' எனக்கு அதுவரை ஆலயம், ஜெபம், பிள்ளைகளின் திருமணம் ஆகியவற்றையே குறித்தது. டிபி பெட்டியும் அதில் அடங்கும் என்று நான் எண்ணியதில்லை.

என் மைத்துனியின் குடும்பம் கத்தோலிக்கர்கள். அவர்கள் வீட்டில், கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து மொழிபெயர்த்து 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் இருக்கிறது. அதில் இதே இடத்தில் சுயபுத்திக்குப் பதிலாகச் 'சொந்த அறிவாற்றல்' என்று வருகிறது. இன்றைய தமிழ் படித்த பிள்ளைகளுக்கு அது எளிதாகப் புரியும். என் மகள் அதைத்தான் விரும்புகிறாள். எனக்கோ 'சாய்' என்ற பழைய சொல் வேண்டியிருக்கிறது. ஏணியைச் சாய்ப்பதே என் தொழிலின் தொடக்கம். ஏணி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அது சாய்ந்திருக்கும் இடம் பொய்த்தால் ஏறியவன் விழுவான். மெல்லிய பலகைத் தடுப்பில் ஏணியைச் சாய்க்கக் கூடாது, உத்திரத்திலோ கல்சுவரிலோதான் சாய்க்க வேண்டும் என்பதை என்னிடம் வேலை கற்ற ஒவ்வொருவனுக்கும் முதல் நாளே சொல்லியிருக்கிறேன். 27 ஆண்டு அனுபவம் என்ற ஏணியை நான் என்னுடைய நினைவின்மேலேயே சாய்த்து வைத்திருந்தேன். நினைவு எனக்குத் தெரியாமலே மாறிப்போன சுவராக இருந்தது.

மாவுக்கட்டு பிரித்த பிறகும் பிடி பழைய நிலைக்கு வரவில்லை. டெர்மினல் திருகாணியை இறுக்கும்போது கை நடுங்குகிறது. அக்காள் மகன் என்னுடன் வேலைக்கு வருகிறான், இறுக்குவது அவன் பொறுப்பு. ஒவ்வொரு நாளும் டிபி பெட்டியைத் திறப்பதற்கு முன்பு, "ஆண்டவரே, எனக்குத் தெரியும் என்று நான் நினைப்பதிலிருந்து என்னைக் காத்தருளும்" என்று மனத்துக்குள் ஜெபித்துவிட்டுத்தான் கை வைக்கிறேன். அது முடிந்ததும் டெஸ்ட் பென்னை முதலில் மின்சாரம் உள்ள ஒரு பாயிண்டில் வைத்து அது எரிகிறதா என்று பார்க்கிறோம். பிறகு வேலை செய்யப்போகும் கம்பியில் வைக்கிறோம். பிறகு மீட்டரால் மறுபடியும் பார்க்கிறோம். ஒருநாள் செத்தாப்பாக்கில் அவன், "மாமா, இது நீங்க போட்ட வயரிங்தானே, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டான். "நான் போட்டதுதான்டா. அதனாலதான் ரெண்டு தடவை பாருன்னு சொல்றேன்" என்றேன். விசுவாசத்தைச் சார்ந்து வாழ்வது என்றால் திறமையை ஓரமாக வைத்துவிட்டு ஏதோ நடக்கும் என்று காத்திருப்பது என்று சிலர் எண்ணுகிறார்கள். என் அனுபவத்தில் நேர் மாறாக நடந்தது. என்னையே நம்பியிருந்த காலத்தில்தான் நான் சோதிக்காமல் தொட்டேன். கர்த்தரை நினைத்துக்கொள்ளத் தொடங்கிய பிறகு சோதிக்காமல் ஒரு கம்பியையும் தொடுவதில்லை.

லூக்கா ஐந்தாம் அதிகாரத்தையும் இந்தக் கண்ணோடுதான் இப்போது வாசிக்கிறேன். பேதுரு தொழிலால் மீனவன். இரவு முழுதும் வலை போட்டும் ஒன்றும் அகப்படாத காலையில், நாசரேத்தின் தச்சரான இயேசு அவனிடம் ஆழத்தில் வலை போடச் சொல்கிறார். எந்தத் தொழிலாளிக்கும் அது எவ்வளவு கடினமான கட்டளை என்பது தெரியும். என் வேலையில் வாடிக்கையாளர் குறுக்கிட்டுச் சொன்னாலே எனக்கு முகம் சுருங்கும். பேதுரு தன் அனுபவத்தை ஒளிக்கவில்லை, பிரயாசப்பட்டதைச் சொல்கிறான். சொல்லிவிட்டு, "ஆகிலும் உம்முடைய வார்த்தையின்படியே" என்கிறான். அந்த 'ஆகிலும்' என்ற சொல்லை இந்தப் பெரிய எழுத்தில் பார்க்க வேண்டும்.

ஜெபக்கூட்டத்தில் அன்போடு என்னைப் பார்க்க வந்த சிலர், விசுவாசம் இருந்தால் உடற்பயிற்சிச் சிகிச்சை எதற்கு, கை தானாகச் சுகமாகும் என்றார்கள். அவர்கள் மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் அந்த ஆலோசனை தவறு என்று உறுதியாக எண்ணுகிறேன். நெகேமியா எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, கட்டும்போது எதிரிகள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஜெபம்பண்ணினார். ஜெபம்பண்ணிவிட்டு இரவும் பகலும் காவலும் வைத்தார். இரண்டும் நான்காம் அதிகாரத்தில் ஒரே வசனத்தில் இருக்கின்றன. ஆசரிப்புக் கூடாரத்தின் வேலைக்குப் பெசலெயேல் என்ற கைவினைஞனைப் பேர்சொல்லி அழைத்த கர்த்தர், பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலைசெய்யும் ஞானத்தை அவனுக்குத் தம் ஆவியினால் கொடுத்தார் என்று யாத்திராகமம் 31-ஆம் அதிகாரம் சொல்கிறது. கைத்திறமை கொடுக்கப்பட்டது என்றால் அதை வீணாக்குவதற்கும் எனக்கு உரிமையில்லை. நான்கு மாதமும் ஒரு வாரம் தவறாமல் சிகிச்சைக்குப் போனேன். காத்திருக்கும் நேரத்தில் வாசிக்க இந்தக் கனமான வேதாகமத்தையும் தோள்பையில் போட்டுக்கொண்டு போனேன். அங்கே இடது கை மட்டுமே உதவியதால்தான் இதன் கட்டமைப்பைப் பற்றி நன்றாகத் தெரிந்துகொண்டேன்.

ஒரு கையால் புரட்டுகிறவர்களுக்கு வேண்டிய புத்தகத்தை நேராகத் திறக்கத் தாள்களின் ஓரத்தில் குடைந்திருக்கும் கட்டைவிரல் வெட்டு பெரிய உதவி. 66 புத்தகங்களுக்கும் தனித்தனி வெட்டு இல்லை. சிறிய தீர்க்கதரிசிகளை இரண்டிரண்டாகச் சேர்த்திருக்கிறார்கள், அது போதும். வெட்டில் ஒட்டியிருக்கும் பெயர்த்துண்டு மட்டும் எழுத்து சிறியது. பெரிய எழுத்து வேண்டும் என்று வாங்குகிறவர் அந்தப் பெயரையும் வாசிக்க வேண்டும் என்பதை யோசிக்கவில்லை.

தாள் மெல்லியது. பின்பக்கத்து எழுத்து முன்பக்கத்தில் நிழலாகத் தெரிகிறது. தாளைத் தடிப்பாக்கினால் எடை கூடும், ஆகவே இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. இதற்கு நம் கையில் இருக்கும் தீர்வு விளக்கு. தலைக்கு நேர் மேலே நீலம் கலந்த வெள்ளை வெளிச்சத்தில் நிழலெழுத்து அதிகமாகத் தெரியும். 9 வாட், 4000 கெல்வின் எல்இடி விளக்கை மேசை மேல் இடப்பக்கமாக, தாளுக்குச் சாய்வாக விழும்படி வையுங்கள். வித்தியாசம் உடனே தெரியும். புதிய வேதாகமத்தின் பொன்முலாம் பூசிய ஓரங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். இழுத்துக் கிழித்துவிடாமல், பத்துப் பத்துத் தாள்களாக மெல்ல விசிறிவிட வேண்டும். நம் ஊர் ஈரத்தில் தாள் சுருளும் என்பதால் சன்னலோரத்தில் திறந்தபடி விட்டுப் போகாதீர்கள். நவம்பர் மழையில் நான் அப்படி விட்டதால் சங்கீதங்களின் ஓரம் இன்றும் அலைபோல நெளிந்திருக்கிறது.

கட்டு நன்றாக இருக்கிறது. வாங்கும்போது நடுப்பகுதியை விரித்து, முதுகுப்பக்கத்தில் நூல் தெரிகிறதா என்று பாருங்கள். வெறும் பசையால் ஒட்டியது இந்த எடையைத் தாங்காது. இதில் நூல் தையல் இருக்கிறது, ஓராண்டில் ஒரு தாளும் கழன்று வரவில்லை. இரண்டு நாடாக்கள் இருப்பதும் நல்லது: ஒன்று நீதிமொழிகளிலும் மற்றொன்று அன்றாடம் தொடர்ந்து வாசிக்கும் இடத்திலும் கிடக்கின்றன. ஜிப் உறை வேண்டாம். நான்காம் மாதமே அதன் பல் கழன்றுவிட்டது. அதற்கு முன்பே மூடும்போதெல்லாம் பக்கங்களின் மூலையை உரசி மடக்கிவிட்டது. செயற்கைத்தோல் அட்டையும் நம் வெப்பத்தில் விரல் படும் இடத்தில் உரியத் தொடங்கியிருக்கிறது. கடைசியில் நான்கு வண்ண வரைபடங்கள் உள்ளன, அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சொல் தேடும் அட்டவணை இல்லாததுதான் எனக்குக் குறை. 'சுயபுத்தி' வேறு எங்கெல்லாம் வருகிறது என்று பார்க்க நினைத்தபோது மகளின் கைப்பேசியைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

கைப்பேசியிலேயே எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்கலாமே என்று மகளும் கேட்டாள். வாசிக்கலாம், தவறில்லை. என்னைப் பொறுத்தவரை, கைப்பேசியில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே வாடிக்கையாளர் அழைத்துவிடுகிறார்; அழைப்பு வந்ததும் நான் மறுபடியும் எல்லாம் தெரிந்த வயர்மேன் ஆகிவிடுகிறேன். இந்த வேதாகமம் மேசையில் விரித்தபடி கிடந்தால், காலை ஐந்தரைக்குக் கோப்பி குடித்துக்கொண்டே அரை மணி நேரம் வேறு எதுவும் என்னைக் கூப்பிடுவதில்லை.

சென்ற மாதம் மறுபடியும் அந்தக் கடைக்குப் போனேன். அக்காளுக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை முடிந்திருக்கிறது. அவருக்காக இரண்டாவது பிரதி. விலை 98 வெள்ளி ஆகியிருந்தது. கடைக்கார அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு, ஜிப் உறை இல்லாத, துணி அட்டை போட்ட பிரதி ஒன்று இருப்பதாகச் சொல்லி உள்ளேயிருந்து எடுத்துவந்தார். ஒரே பத்தியாக அச்சிட்டது இன்னும் வரவில்லையாம். நடுவில் விரித்துத் தையலைப் பார்த்தேன், நீதிமொழிகளைத் திறந்து எழுத்தைப் பார்த்தேன், பணம் கொடுத்தேன். பையை அவர் நீட்டியபோது யோசிக்காமல் வலது கையை நீட்டி வாங்கிவிட்டேன். படியிறங்கி, பூக்கடைகளைத் தாண்டி, மோனோரயில் நிலையத்துக்குப் பாதித் தொலைவு வரை அந்தக் கையிலேயே தூக்கிவந்தேன். அதற்கு மேல் மணிக்கட்டு வலிக்கத் தொடங்கியதால் இடது கைக்கு மாற்றிக்கொண்டேன்.